அடுப்புக்குள் கையை விட்டவருக்கு

மதிப்பிற்குரிய கேப்டன் ஆர்தர் ரோட்ரிக் அவர்களுக்கு,

வணக்கம். 1940 ஜனவரி 10 அன்று படையெடுப்புத் திட்டத் தாள்களோடு ஒரு ஜெர்மன் விமானம் பெல்ஜிய எல்லையில் விழுந்தபோது நடந்ததைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்த இரண்டு ஜெர்மன் மேஜர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வழி தவறிய விமானி ஹோன்மன்ஸ், ரகசியத் தாள்களோடு உடன் வந்த ரைன்பெர்கர். அவர்களைப் பிடித்துவைத்த பெல்ஜியக் கேப்டனான உங்கள் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மூன்ஸ்டரிலிருந்து கொலோனுக்குப் போக வேண்டிய சிறு மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் அது. மூட்டத்தில் திசை தவறி, கீழே தெரிந்த மியூஸ் நதியை ரைன் என்று நினைத்துவிட்டார் ஹோன்மன்ஸ். பதற்றத்தில் எரிபொருளை அடைக்கும் நெம்புகோலில் கை பட்டிருக்கும் என்கிறார்கள். என்ஜின் நின்றது. வயலில் இறங்கும்போது இரண்டு பாப்லர் மரங்களுக்கு நடுவே புகுந்து இரண்டு இறக்கைகளும் பிய்ந்தன, ஆட்கள் தப்பினார்கள்.

இது பெல்ஜியம் என்று பண்ணையாள் ஒருவர் சொன்னதும் ரைன்பெர்கருக்கு உயிரே போனது. பெல்ஜியம் அன்று நடுநிலை நாடு. ஆனால் அதன்மேல் படையெடுக்கும் திட்டத்தைப் பையில் வைத்திருந்தவருக்கு அது எதிரி மண்ணேதான். லைட்டர் பற்றவில்லை. அந்தப் பண்ணையாளிடமே தீக்குச்சி வாங்கிப் புதர் மறைவில் கொளுத்தினார். புகையைக் கண்டு உங்கள் காவலர்கள் ஓடிவந்து தாள்களை மீட்டார்கள்.

பிறகு உங்கள் சாவடி. தாள்கள் மேஜைமேல் இருக்கின்றன. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஹோன்மன்ஸ் கவனத்தைத் திருப்ப, ரைன்பெர்கர் எல்லாவற்றையும் வாரி எரிகிற அடுப்புக்குள் திணிக்கிறார். மூடி சுட்டு அவர் அலறியதில் நீங்கள் திரும்பினீர்கள். யோசிக்கவே இல்லை, கையை உள்ளே விட்டு வெளியே இழுத்தீர்கள். கை வெந்தது. அதன்பின் அவர் உங்கள் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்தார், தன்னையே சுட்டுக்கொள்ள. அதையும் தடுத்தீர்கள்.

மீந்த துண்டுகளைப் படித்த உங்கள் மேலதிகாரிகள் அவை உண்மை என்று நம்பினார்கள். ஜெர்மன் தூதரக அதிகாரிகள் கைதிகளைப் பார்க்க வந்தபோது அறையில் ஒலிவாங்கியை ஒளித்துவைத்துக் கேட்டார்கள்; படிக்க முடியாதபடி எரித்துவிட்டதாக ரைன்பெர்கர் அடித்துச் சொன்னார். ஜனவரி 17 என்று குறித்திருந்த தாக்குதலை ஹிட்லர் தள்ளிப்போட்டார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தாள்கள் சிக்கியதால்தான் ஹிட்லர் திட்டத்தை மாற்றினார், அதனால்தான் பிரான்ஸ் வீழ்ந்தது என்று உங்கள் தலையில் பழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியம் வழியாகத் தாக்கும் அந்தப் பழைய திட்டம் ஹிட்லருக்கு முன்பே பிடிக்கவில்லை. ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் 1939 இலையுதிர் காலத்திலிருந்தே வேறு வழியை வற்புறுத்திக்கொண்டிருந்தார். வானிலையும் தாக்குதலுக்கு ஒத்துவரவில்லை. உங்களால் கிடைத்தது நான்கு மாத அவகாசம். ஜனவரியில் உண்மையாக இருந்த திட்டத்தை மே மாதத்திலும் உண்மை என்று பிடித்துக்கொண்டவர்கள் நேச நாடுகளின் தளபதிகள். மே 10 அன்று பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளின் சிறந்த பிரிவுகள் பெல்ஜியத்துக்குள் விரைந்தன. ஜெர்மன் டாங்கிகளோ ஆர்டென் காடு வழியாக வந்து, ஹோன்மன்ஸ் குழம்பிய அதே மியூஸை செடானில் கடந்தன. மே 28 அன்று உங்கள் நாடு சரணடைந்தது. இதில் உங்கள் தவறு எங்கே இருக்கிறது?

உங்களைக் குறை சொல்பவர்களுக்கு இன்னொரு விமானத்தைக் காட்ட நினைக்கிறேன். அவரவர் வேலைக்குத் தேவையானதைத் தவிர எந்த ரகசியமும் யாருக்கும் தெரியக்கூடாது என்று உங்கள் சம்பவத்தின் மறுநாளே ஹிட்லர் உத்தரவு போட்டார். அப்படியிருந்தும் 1942 ஜூன் 19 அன்று மேஜர் ரைஹல் என்பவர் கோடைத் தாக்குதல் திட்டத்தோடு ஒரு சிறு ஷ்டோர்க் விமானத்தில் பறந்து சோவியத் பக்கம் விழுந்தார். தாள்கள் மாஸ்கோவுக்குப் போயின. அவருடைய படைத் தளபதி ஸ்டூமேக்கு ராணுவ நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. ஸ்டாலினோ இது ஏமாற்று வேலை, உண்மையான குறி மாஸ்கோதான் என்று தாள்களை ஒதுக்கிவிட்டார். ஜூன் 28 அன்று அந்தத் தாளில் இருந்தபடியே ஜெர்மானியர்கள் தெற்கே தாக்கினார்கள்.

நன்றியுடன்,
ஒரு தமிழ் வாசகன்