பஸ்ஸை விட்டு இறங்காதே தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

திருமங்கலத்தில் பஸ் ஏறினால் பழங்காநத்தம் வருவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, செத்துருவேனோ என்று பதறிப் பாதி வழியில் இறங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். பயந்த கோளாறு என்று அம்மா பாண்டி கோயிலுக்குக் கூப்பிட்டால் போய்த் திருநீறு பூசிக்கொள். ஆனால் முதலில் டாக்டரிடம் ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடு. தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

அதெல்லாம் சரியாக இருந்தால், இது பீதித் தாக்குதலாக இருக்கலாம். இல்லாத ஆபத்துக்கு உடம்பு அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்பைக் கொட்டுகிறது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். விரல் மரப்பது வேகமாக மூச்சு வாங்குவதால். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. "நல்லா இழுத்து விடும்மா" என்று பக்கத்து சீட்டில் சொல்வார்கள். நெஞ்சு புடைக்க இழுத்தால் தலைசுற்றல்தான் கூடும். மூக்கு வழியே 4 எண்ணும்வரை மெல்ல உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. தோள் ஏறக்கூடாது, வயிறு அசையணும். தினமும் காலையில் 5 நிமிடம் வீட்டிலேயே பழகிக்கொள். பதறும்போது புதிதாக எதுவும் கைவராது.

மூச்சைவிட முக்கியம், இறங்காமல் இருப்பது. இறங்கியதும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் வினை. இறங்கினதால்தான் பிழைத்தோம் என்று மனசு பதிந்துகொண்டு, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே மிரளும். அதனால் முதலில் கப்பலூர் வரை மட்டும் போ. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ் இலவசம்தானே, காசு நஷ்டமில்லை. பயம் வந்தால் வரட்டும், விரட்டப் பார்க்காதே. கப்பலூரில் இறங்கியும் படபடப்பு இருந்தால், அது தணியும்வரை ஸ்டாப்பிலேயே நில். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடாதே. வாரத்தில் நாலைந்து நாள் போய் வா. அந்தத் தூரம் சலித்துப்போனதும் திருநகர், அப்புறம் பசுமலை, கடைசியாகப் பெரியார் பஸ் ஸ்டாண்ட். ஜன்னலோர சீட், கையில் தண்ணீர் பாட்டில், போனில் அம்மா என்று பிடித்துக்கொண்டிருப்பவற்றையும் ஒவ்வொன்றாக விடு. வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு ஏறாதே.

ஒன்றிரண்டு மாதத்தில் தேறவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டு. மாத்திரை கொடுத்தால் நீயாக நிறுத்தாதே. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் காத்திருக்காமல் 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
அக்கா