கறுப்பு வெள்ளைக் கிளப்புக்குப் புது முதலாளி

நியூகாசில்
24 அக்டோபர் 2021

அன்புள்ள மக்கா,

உன் குரல் பதிவு வந்து பத்து நாளாகிறது. "உங்க கிளப்ப எங்க சவூதிக்காரன் வாங்கிட்டானாமே, இனி உனக்கு யோகந்தான்" என்று எங்கள் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கிளப்பைப் பற்றி நீ சிரித்ததை மூன்று தடவை கேட்டேன். பதில் பேசிப் பதிவு செய்து பார்த்தேன், பாதியிலேயே தடுமாறிவிட்டது. இது எழுதத்தான் சரிப்படும் என்று இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லோரும் நலம். வார்டில் கொரோனா இன்னும் முழுதாக ஓயவில்லை, ஆனால் போன ஜனவரி மாதிரி இல்லை. மகளுக்குப் பதினான்கு ஆகிவிட்டது. இப்போது அவளும் ஆட்டத்துக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். குளிர் வந்துவிட்டது, அடுத்த வாரம் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் சாயந்திரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 7, வியாழக்கிழமை, கிளப் கைமாறிய நாள். எனக்குப் பகல் ஷிப்ட். எங்கள் மருத்துவமனையிலிருந்து செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம் நடக்கிற தூரம்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் திருவிழாக் கூட்டம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள், வாத்தியம் இல்லாத பாட்டு, கையில் பியர் டப்பா. ஒரு பெரியவர், பேரப்பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் கத்தினேன், மக்கா. மறைக்க மாட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் வலி அந்தக் கால் மணி நேரம் தெரியவே இல்லை.

அந்தச் சந்தோஷம் உனக்குப் புரிய வேண்டுமென்றால் இந்த ஊர் எதைக் கடந்து வந்தது என்று தெரிய வேண்டும். கடைசியாக இங்கிலாந்துக்குள் ஒரு பெரிய கோப்பை ஜெயித்தது 1955-இல், எஃப்.ஏ. கோப்பை. ஐரோப்பாவில் 1969-இல் ஃபேர்ஸ் கோப்பை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 1996-இல் பயிற்சியாளர் கெவின் கீகன் காலத்தில் ஜனவரி மாதம் 12 புள்ளி முன்னால் இருந்து, கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் பட்டத்தை விட்டார்கள். பிறகு 2007-இல் விளையாட்டுப் பொருள் கடைகளின் முதலாளி மைக் ஆஷ்லி வாங்கினார். அப்போதும் இதே ஊர் கொண்டாடியது என்று சொல்கிறார்கள். ரசிகர்களுக்கு நடுவே கிளப் சட்டை போட்டு உட்கார்ந்த முதலாளியை யாருக்குத்தான் பிடிக்காது? அதற்கப்புறம் பதினான்கு வருடத்தில் இரண்டு தடவை, 2009-இலும் 2016-இலும், கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2011-இல் நூறு வருடத்துக்கு மேல் பழகிய மைதானத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் கடையின் பெயரை வைத்தார். ஓராண்டு கழித்துத்தான் பழைய பெயர் திரும்பியது. நான் இங்கே வந்த புதிதில், நம் ஊர்க் குருசடியின் பெயரை எடுத்துவிட்டு ஒரு ஜவுளிக்கடைப் பெயரை எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துத்தான் இவர்களின் கோபத்தைப் புரிந்துகொண்டேன்.

ஆக, அவர் போனதற்கே பாதிக் கொண்டாட்டம். வந்தது யார் என்பது மீதிப் பாதி. விலை 30 கோடி பவுண்டுக்குச் சற்று மேல். 80 சதவீதம் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதிக்கு. மீதி, பேச்சுவார்த்தை நடத்திய அமாண்டா ஸ்டேவ்லியின் நிறுவனத்துக்கும் தொழிலதிபர்களான ரூபன் சகோதரர்களுக்கும் ஆளுக்குப் பத்து. அந்த நிதியிடம் இருப்பது 32,000 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. உலகத்திலேயே பணக்காரக் கிளப் என்கிறார்கள். அந்த நேரம் நாங்கள் பிரீமியர் லீகில் (இங்கிலாந்தின் மேல் டிவிஷன்) கடைசிக்கு ஒன்று முன்னால், ஏழு ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல்!

முதல் ஆட்டம் போன ஞாயிறு, டாட்டன்ஹாமுடன். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மைதானமே நடுங்கியது. கிளப்பின் புதுத் தலைவர் யாசிர் அல் ருமய்யான் எழுந்து நின்றபோது 52,000 பேர் கை தட்டினார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே கேலம் வில்சன் தலையால் முட்டி கோல் போட்டார். அப்போது எழுந்த சத்தத்தை நான் இங்கே அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம் என்ன, வழக்கம்போல் மூன்று வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் 2-3.

ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்கு நினைவில் நிற்பது வேறு. முதல் பாதி முடியப்போகும் நேரம், எதிர்ப்பக்கம் கிழக்கு ஸ்டாண்டில் சனங்கள் கையை வீசி யாரையோ கூப்பிடுகிறார்கள். ஒருவர் சரிந்து விழுந்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து மேலும் கீழும் அழுத்துகிறார். அந்தத் தாளம் எனக்குத் தினசரி வேலை. டாட்டன்ஹாம் வீரர் ரெகிலோன்தான் கவனித்து நடுவரிடம் ஓடினார். எரிக் டையர் பெஞ்சுக்கு ஓடி இதய அதிர்வுக் கருவி கொண்டுபோகச் சொன்னார். ஆட்டம் நின்றது. அவ்வளவு பெரிய கூட்டம் அப்படியே அமைதி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் இருந்த ஒரு டாக்டர்தான் ஓடிவந்து உதவினாராம். அந்த மனிதர் பிழைத்துவிட்டார். எனக்கு இந்தக் கிளப் என்றால் அந்தக் கூட்டம்தான். யார் என்று தெரியாத ஒருவருக்காக மூச்சை அடக்கி நின்ற கூட்டம்.

அதே கூட்டம் எதற்கெல்லாம் அமைதியாக இருக்கப்போகிறது என்பதுதான் என் பயம், மக்கா.

சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்டது 2018 அக்டோபர் 2, இஸ்தான்புல் நகரின் சவூதி துணைத் தூதரகத்துக்குள். கல்யாணத்துக்கு ஒரு காகிதம் வாங்க உள்ளே போனவர். வெளியே காத்திருந்த பெண் இன்றும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நடவடிக்கைக்குச் சவூதிப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் ஒப்புதல் கொடுத்தார் என்பது இந்தப் பிப்ரவரியில் அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட மதிப்பீடு. சவூதி மறுக்கிறது. கிளப்பை வாங்கிய நிதிக்கு அதே இளவரசர்தான் தலைவர். அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி வாங்கிவிட்டோம் என்று பிரீமியர் லீக் சொல்கிறது. அதை எப்படி நம்புவது என்று நீயே சொல்.

இதைப் பேசினால் இங்கே நல்ல மனிதர்களுக்கே முகம் மாறுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, டைன் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தாறு வயது. 1969 கோப்பையில், தற்காப்பு வீரரான கேப்டன் பாபி மான்கர் இறுதிப் போட்டியின் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து மூன்று கோல் போட்டதை நேற்று நடந்தது போலச் சொல்வார். வேலி ஓரம் நின்று கஷோக்ஜி பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் தன் ரோஜாச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனா என்கிட்ட யாரும் கேட்டு விக்கலையே. எனக்கு ஒரு கோப்பை பாத்துட்டுப் போகணும்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? வீட்டு ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டப்பா பீன்ஸ் எடுத்துப் போய், மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் உணவு வங்கிக்காகச் சேகரிக்கிற இடத்தில் போடாமல் உள்ளே போகமாட்டார். இந்த ஊரில் இன்றும் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம்மை யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் வாக்கு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இங்கே அப்படி இல்லை. பணம் இருப்பவர் வாங்குவார், அலுத்துப்போனால் விற்பார். ரயிலில் அரை மணி நேரம் தெற்கே போனால் டார்லிங்டன். அங்கே ஒரு பணக்கார முதலாளி சில ஆயிரம் பேர் மட்டுமே ஆட்டம் பார்க்க வரும் கிளப்புக்கு 25,000 இருக்கை மைதானம் கட்டினார். 2003-இல் திறந்தார்கள், அந்த வருடம் முடிவதற்குள் கிளப் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. இப்போது அதில் ரக்பி ஆடுகிறார்கள். அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் அந்தப் பெரிய கூரையைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் மான்செஸ்டர் சிட்டி. 1999-இல் மேலிருந்து மூன்றாவது டிவிஷனில் இருந்த கிளப், 2008-இல் அபுதாபிப் பணம் வந்தது, அதன்பிறகு ஐந்து லீக் பட்டம். எங்கள் வார்டில் எல்லோரும் மான்செஸ்டரைக் காட்டுகிறார்கள். எனக்கு டார்லிங்டன் கூரையும் சேர்ந்து தெரிகிறது.

மற்ற கிளப்புகளைப் பார், அது இன்னொரு கதை. திங்கட்கிழமை அவசரக் கூட்டம் போட்டு, முதலாளியோடு தொடர்புள்ள கம்பெனிகளின் ஸ்பான்சர் ஒப்பந்தங்களுக்குத் தற்காலிகத் தடை கொண்டுவந்தார்கள். பதினெட்டு கிளப் ஆதரவு. அவர்களுக்கு வந்த கவலை நாங்கள் அவர்களை முந்திவிடுவோமோ என்பதுதான். சவூதிச் சிறையில் இருப்பவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சே வந்திருக்காது என்று நினைக்கிறேன். நேற்று லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் எங்கள் முதலாளிகளைக் கண்டித்துப் பெரிய பேனர் பிடித்தார்கள். போலீஸ் அதை விசாரித்தது. டிவியில் பார்த்தபோது, எனக்குத் தப்பாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் பிடித்திருக்க வேண்டிய பேனர் என்றுதான் பட்டது. ஆஷ்லிக்கு எதிராக எத்தனை பேனர் பிடித்தோம், எத்தனை தடவை வெளிநடப்பு செய்தோம்! இனி ஒரு முதலாளியை இங்கே யாராவது அப்படித் திட்டுவார்களா? நல்ல வீரர்கள் வர வர, புள்ளிகள் ஏற ஏற, வாய் தானாகவே மூடிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உனக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சவூதியின் தம்மாமில் பன்னிரண்டு வருடம் படகில் இருந்தவன் நீ. உன் பாஸ்போர்ட் படகு முதலாளியின் பெட்டியில் இருந்தது. அப்பா இறந்த செய்தி வந்து நாற்பது நாள் கழித்துத்தான் நீ ஊர் வந்து சேர்ந்தாய். கல்லறையில் நின்றபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் சண்டை போடவில்லை என்று நான் கேட்டதற்கு, "அங்க வாயத் தொறந்தா வேல போவும், வேல போனா கடன் நிக்கும்" என்றாய். அதே நீதான், டிக்கெட்டுக்குக் குறைந்த பணத்தைத் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்த சவூதிக் கிழவரைப் பற்றியும் சொன்னாய். வெள்ளிக்கிழமை அந்தக் கிழவரின் பையன்களோடு அந்த ஊர்க் கிளப் இத்திஃபாக்கின் ஆட்டம் பார்க்கப் போனதையும், அங்கேயும் சனங்கள் நம்மைப் போலவே கோலுக்கு எழுந்து குதிப்பதையும் சொன்னாய். அதனால்தான் இங்கே சிலர் சவூதிக்காரன் என்றாலே மிருகம் என்பதுபோல் பேசும்போது எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஷேக் வேஷம் போட்டு வருகிறவர்களையும் பிடிக்கவில்லை. அந்த நாட்டில் 2018-இல்தான் பெண்கள் முதல்முறையாகக் கால்பந்து மைதானத்துக்குள் விடப்பட்டார்கள். கார் ஓட்டும் உரிமை கேட்ட லுஜைன் அல் ஹத்லூலை அதே வருடம் பிடித்து உள்ளே போட்டார்கள், இந்தப் பிப்ரவரியில்தான் விட்டார்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தும்போது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் எல்லாம் சொன்னேன். "அப்போ நாம போகக் கூடாதா அப்பா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வார்டில் கூட வேலை செய்யும் ஒரு நர்ஸ், முப்பது வருட ரசிகை, சீசன் டிக்கெட்டை அடுத்த வருடம் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அவளை நான் மதிக்கிறேன். என்னால் அப்படி முடியவில்லை. நான் போவேன், மக்கா. வில்சன் கோல் போட்டால் எழுந்து குதிப்பேன். ஆனால் ருமய்யானுக்குக் கை தட்டமாட்டேன், போன ஞாயிறும் தட்டவில்லை. யாராவது கேட்டால் ஏன் என்று சொல்வேன். இது பெரிய வீரம் ஒன்றும் இல்லை, இப்போதைக்கு என்னால் முடிந்தது இது.

நேற்று பேலஸுடன் 1-1. வில்சன் முதுகு தரைக்குக் காட்டி அந்தரத்தில் அடித்த கோலை உன் பையனுக்குக் காட்டு. பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸைப் புதன்கிழமையே அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒன்பது ஆட்டத்தில் நான்கு புள்ளி. புதுப் பணத்தில் ஆள் வாங்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இறங்காமல் இருந்தால் போதும் என்று ஊரே வேண்டுகிறது, நானும்தான். அடுத்த சனிக்கிழமை செல்சி வருகிறது.

உன் பையனுக்கு மாவட்ட அணித் தேர்வு என்ன ஆயிற்று? முட்டி வலி என்றாயே, ஐஸ் வைத்துவிட்டு மறுநாளே மணலில் ஓட விடாதே. இரண்டு வாரம் பொறு. அவன் கேட்ட கறுப்பு வெள்ளைச் சட்டையை வாங்கி வைத்திருக்கிறேன், முதுகில் செயின்ட் மாக்சிமன், பத்தாம் நம்பர். கொடுக்கும்போது மேலே நான் எழுதியதையும் அவனுக்குச் சொல். பதினைந்து வயது ஆகிவிட்டது, புரியும். டிசம்பரில் நம் பக்கத்து ஆள் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் பழைய கோல்கீப்பர்