மார்க் போடாத ஓர் அக்கா வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நர்சிங் கல்லூரி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

என் சித்தி மகள் இந்த ஆண்டு உங்களில் ஒருவரிடம் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்று கொடுத்த விதிமுறைப் புத்தகத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கொண்டை எப்படிப் போட வேண்டும், ஷூ என்ன நிறம், விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், ரெக்கார்ட் நோட் தாமதமானால் எவ்வளவு அபராதம், எல்லாம் இருக்கிறது. வார்டில் முதல் சாவைப் பார்த்துவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பெண் அன்று ராத்திரி யாரிடம் போய் உட்காரலாம் என்று ஒரு வரி இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

நான் 2017-ல் சேர்ந்தவள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு மனநல செவிலியம் என்று ஒரு பாடம். அது பாதியில் நிற்கும்போதுதான் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒரே நாளில் விடுதியைக் காலி செய்தோம். பதற்றம் என்றால் என்ன, இழவு கண்டவரிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். மனநல வார்டு போஸ்டிங் ரெக்கார்ட் நோட்டில் மட்டும் நடந்தது. அந்த 2020-ஐத்தான் உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு. அவர் பிறந்த நாளான மே 12 அன்று கல்லூரி குரூப்பில் கைவிளக்குப் படம் ஒன்று வந்தது. கூடவே, மீதிக் கட்டணத்தை எப்போது கட்டுவீர்கள் என்று இன்னொரு செய்தி.

அப்புறம் 2021 மே. இரண்டாம் அலை. இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் கடைசி ஆண்டு நர்சிங் மாணவர்களையும் மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனா பணியில் அமர்த்தலாம் என்று மத்திய அரசு 3-ம் தேதி அறிவித்தது. கல்லூரியில் எங்கள் சம்மதம் கேட்டார்கள். எப்படிக் கேட்டாலும் நான் போயிருப்பேன், அது வேறு. ஆனால் இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும்போது சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் பயம் தொற்று இல்லை. இதைச் சொன்னால் வெளியில் யாரும் நம்புவதில்லை. ஓராண்டாக வார்டு வாசலையே சரியாக மிதிக்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா ஊசியை நான் போட்டதெல்லாம் பெரும்பாலும் பொம்மைக் கையில். கத்திரி வெயிலில், கவச உடைக்குள், இரட்டைக் கையுறையோடு, மூச்சு இளைக்கும் ஒருவரின் கையில் நரம்பு தேடும்போது ‘என் கையால இவருக்கு ஏதாவது ஆயிருமோ’ என்பதுதான் பயம். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நின்றது அதற்கு அப்புறம்தான். அந்த முதல் பயத்துக்கு மருந்து, மனநல ஆலோசகர் அல்ல. லேபில் இன்னும் இருபது தடவை குத்திப் பார்க்க விட்டிருந்தால் பாதி குறைந்திருக்கும். வேலை தெரியாத பயத்தை மனப் பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள்.

எட்டாம் படுக்கையில் ஒரு செட்டியார் ஐயா இருந்தார். மகன் சிங்கப்பூரில். “ஆத்தா, ஒரு வாய் தண்ணி” என்று கேட்பார், மாஸ்க்கை நகர்த்திக் கொடுத்தால் இரண்டு மடக்குக்குள் ஆக்ஸிமீட்டர் 84-க்கு இறங்கும். குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் ராத்திரி போய்விட்டார். துணி சுற்றி, பையில் போட்டு, ஜிப்பை இழுத்தது நானும் ஒரு சிஸ்டரும். இழுப்பதற்கு முன், “அப்பச்சிய ஒரு தடவை காட்டுங்க” என்று மகன் என் போனில் வீடியோவில் கேட்டார். காட்டினேன். அந்த எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மறுநாள் டியூட்டரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். “இதுக்கெல்லாம் அழுதா நர்ஸ் ஆக முடியாதும்மா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் படித்த காலத்தில் அவருக்கும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்கு அப்புறம் நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. என் மதிப்பீட்டுத் தாளில் ‘மனப்பக்குவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்புகிறவர் அவர்தான். அந்த வாரமே ‘மன உறுதியை வளர்ப்பது எப்படி’ என்று ஜூமில் ஒரு வகுப்பு. நைட் டூட்டி முடித்து வந்தவர்களும் கேமராவைப் போட்டு வைக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

பணி முடிந்து வீட்டுக்குப் போனபோது தெருவே கதவைச் சாத்தியது. பால்காரர் அம்மா கையிலிருந்து காசு வாங்காமல் திண்ணையில் வைக்கச் சொன்னார். அம்மை கண்ட வீட்டுக்குச் செய்வதுபோல் அப்பத்தா வாசலில் வேப்பிலை சொருகியது. வைரஸுக்கு அது கேட்காது என்று சொன்னேன், “ஊருக்குக் கேக்கும்ல” என்றது. திண்ணையின் அந்தக் கோடியில் அது, இந்தக் கோடியில் நான். பாதி நேரம் அதன் மூட்டுவலியையும் என் அண்ணன் கல்யாணத்தையும்தான் பேசும். மூன்று ராத்திரியும் தூங்கப் போகுமுன் ஒரே கேள்வி: “அந்தப் பெரியவரு தனியாவாத்தா செத்தாரு?” “இல்ல அப்பத்தா, நான் பக்கத்துலதான் இருந்தேன்.” “ம்.” அவ்வளவுதான். மூன்றாம் ராத்திரி நான் தூங்கினேன்.

உளவியல் முதலுதவி என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே செயல்: பார், கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. முதல் இரண்டையும் அப்பத்தா செய்துவிட்டது. மூன்றாவதற்கு அதற்கு வழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். அல்லது தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே நான் கேட்பது முதலில் ஓர் ஆள். உங்கள் கல்லூரியில் படித்து, இப்போது எங்கோ வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவியாக இருக்கட்டும். உளவியல் முதலுதவியில் பயிற்சி கொடுங்கள், வருவதற்குச் சம்பளமும் கொடுங்கள். அவர் மார்க் போடக்கூடாது, வருகைப் பதிவேட்டைத் தொடக்கூடாது, கேட்டதை வார்டனிடம் போய்ச் சொல்லக்கூடாது; உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விதிவிலக்கு. மருத்துவக் கல்லூரிகளுக்கு 2022 டிசம்பரில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தமிழக அரசு கொண்டுவந்தது. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார். ஒரு கடிதம் எழுதி, மாதம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த அக்காவின் கைக்கு மீறியதை அவர்களிடம் அனுப்பலாம்.

ஆள் போட்டுவிட்டோம் என்று எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ‘மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க’ என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். கொடிய அனுபவம் நடந்த கையோடு அதைத் திரும்ப விவரிக்கச் சொல்வதை உலக சுகாதார நிறுவனமே 2013 வழிகாட்டுதலில் வேண்டாம் என்கிறது. கதவு திறந்திருந்தால் போதும், வருகிறவள் வருவாள்.

14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இருக்கிறது. அதை அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள். கேமராவுக்குக் கீழே நின்று எந்தப் பெண்ணும் அதைக் குறித்துக்கொள்ள மாட்டாள். விடுதிக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நைட் டூட்டி முடிந்த காலையில் வகுப்பு வேண்டாம், தூங்கட்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று இந்த ஊர்க்காரியாகச் சொல்கிறேன். அடுத்த தொற்று வந்தால் டூட்டி முடித்து வரும் பிள்ளைகளை எங்கே தங்க வைப்பீர்கள்? எங்களை ஓர் அறையில் எட்டுப் பேராகப் போட்டார்கள், ஒருத்திக்கு இருமல் வந்தால் ஏழு பேர் விழித்திருப்போம். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் கண்டனூரிலும் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். மகனுக்கு ஓர் அறை என்று வளவைச் சுற்றிக் கட்டியது, நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்கட்டில் கிணறு. ஒருவருக்கு ஓர் அறை, காற்றோட்டம், தனித்தனிக் கதவு. இதைவிட என்ன வேண்டும்? உரிமையாளர்களில் பலர் உங்களுக்கு உறவு அல்லது தெரிந்தவர்கள். அவசரம் வந்தபின் சாவியைத் தேடாமல் இப்போதே இரண்டு வீட்டுக்கு எழுதி வாங்கி வையுங்கள்.

சித்தி மகளுக்கு முதல் வார்டு போஸ்டிங் தீபாவளி முடிந்து. அந்த விதிமுறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ‘குறிப்புகள்’ என்று தலைப்பு மட்டும் போட்டுக் காலியாக இருக்கிறது. அதற்குள் அங்கே ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் அச்சடித்து ஒட்டிக் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் வருகிறேன். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு இரண்டு மணி நேர பஸ்தானே.

இப்படிக்கு,
2017 பேட்ச் மாணவி ஒருத்தி