டோகாஃப் வகுப்புக் கட்டணம், ‘புத்தகம் பார்த்து எழுதும்’ தேர்வு: எங்கள் மாணவர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்களிடம் படித்து முடித்தவர்கள், இப்போது படிப்பவர்கள், அலுவலகத்திலிருந்து ஆட்களை அனுப்பிவைக்கும் மேலாளர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று கட்டணம். மற்றொன்று, இரண்டு வாரமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. கட்டணத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

டோகாஃப் என்பது ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் மென்பொருள்களையும் ஒன்றாகத் திட்டமிடும் முறை. அதன் சான்றுத் தேர்வுக்கான வவுச்சரை, அதாவது முன்பணம் கட்டி வாங்கும் தேர்வுச் சீட்டை, நாங்கள் டாலர் விலையில்தான் வாங்குகிறோம். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. 2024 முடிவில் 85ஐத் தாண்டிவிட்டது. இத்தனை நாளும் வகுப்பு, வவுச்சர் இரண்டையும் சேர்த்து ஒரே தொகை சொல்லி, இடையில் விழுந்த துண்டை நாங்களே ஏற்றுக்கொண்டோம். இனி அது முடியாது. அடுத்த பேட்ச் முதல் இரண்டுக்கும் தனித்தனி பில் போடுவோம். வகுப்புக் கட்டணம் 2,000 ரூபாய் கூடுகிறது, அதன்மேல் வழக்கம்போல 18 சதவீத ஜிஎஸ்டி. வவுச்சர் அன்றைய டாலர் விலைக்கு. அலுவலகத்தில் பணம் திரும்பக் கேட்பவர்களுக்குத் தனி பில் வசதியாகவும் இருக்கும். வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வவுச்சரை நீங்களே வாங்கிக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வவுச்சரில் போட்டிருக்கும் கடைசி நாளுக்குள் தேர்வை எழுதியே முடித்திருக்க வேண்டும். அந்த நாளுக்குள் பதிவு செய்துவிட்டு அடுத்த மாதம் எழுதலாம் என்று நினைத்தால் வவுச்சர் வீணாகிவிடும்.

இனி அந்தச் செய்தி. ‘ஓப்பன் புக் தேர்வு என்று ஆசை காட்டிப் பணம் வாங்கினார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் புத்தகத்தில் ஒரு விடையும் இல்லை. நடத்தியதும் பழைய டோகாஃப் 9 பதிப்புப் பாடம்தான்.’ இதுதான் அதன் சாரம். எழுதியவர் யாரென்று நாங்கள் தேடவில்லை. தேர்வில் தவறியவரின் வலி எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ‘ஆசை காட்டி’ என்ற சொல் எங்களைச் சுட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே விளக்குகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘பழைய பாடம்’. டோகாஃப் பத்தாம் பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. அதன் நடுநாடியான ஏடிஎம் என்னும் ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட் அப்படியேதான் இருக்கிறது. தொடக்கக் கட்டமான பிரிலிமினரி, அதன்பின் ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள், நடுவில் தேவைகளை நிர்வகிக்கும் ரிக்வயர்மென்ட்ஸ் மேனேஜ்மென்ட். பழைய நோட்டிலும் இதே வட்டப் படம், புதிய நோட்டிலும் இதே வட்டப் படம். படத்தை மட்டும் பார்த்தால் பழைய பாடம்போலத்தான் தெரியும். மாறியது புத்தகத்தின் அடுக்கு. முன்பு ஒரே தடித்த நூல். இப்போது அடிப்படைப் பகுதி ஆறு பாகமாகத் தனியே நிற்கிறது. எப்படிச் செய்வது என்ற விளக்கமெல்லாம் சீரிஸ் கைடு என்ற தனி வழிகாட்டிகளாகப் பிரிந்துவிட்டன. டிஆர்எம் (டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மாடல்), ட்ரிபிள் ஐ ஆர்எம் என்ற இரண்டு மேற்கோள் மாதிரிகளும் 2018இல் வந்த 9.2 பதிப்பிலேயே மூல நூலிலிருந்து வெளியே போய்விட்டன. யாராவது கொடுத்த கேள்வித் தொகுப்பில் டிஆர்எம் பற்றி நாலைந்து கேள்வி இருந்தால், பழையது எங்கள் பாடமல்ல, அந்தத் தொகுப்புதான்.

தேர்ச்சிக் கோடும் மாறியது. தேர்வுக்கு இரண்டு பகுதி. பழைய முதல் பகுதியில் 40 கேள்விக்கு 22 சரியாக இருந்தால் போதும். இப்போதைய ஓஜிஇஏ-101 தேர்வில் 60 நிமிடத்தில் அதே 40 கேள்வி, ஆனால் 24 வேண்டும். எங்கள் மாதிரித் தேர்வு மென்பொருளில் சென்ற பேட்ச் வரை 22 என்றே இருந்தது, இப்போது திருத்தப்பட்டுவிட்டது.

அடுத்தது ஓப்பன் புக். இரண்டாம் பகுதியான ஓஜிஇஏ-102 புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுதான். நாங்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் நீங்கள் கோடு போட்டு வைத்திருக்கும் உங்கள் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. தேர்வுத் திரைக்குள்ளேயே நூலின் பிடிஎஃப் இருக்கும், அதில் தேடிக்கொள்ளலாம். கேள்வி எட்டு, நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 11 நிமிடமும் சில நொடிகளும்தான். கேள்வியின் சூழலே ஒரு பக்கம் வரும், நான்கு விடைகளும் பத்தி பத்தியாக இருக்கும். நிதானமாக வாசிக்கவே ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும். மிச்ச நேரத்தில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ (திட்டத்தில் அக்கறை உள்ள தரப்பு) என்று தேடிப் பாருங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வந்து விழும். விடை புத்தகத்தில் இருக்கிறது. அது ஒரு வரியாக இருப்பதில்லை, அணுகுமுறையாக இருக்கிறது. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை.

மதிப்பெண் முறையையும் பலர் கவனிப்பதில்லை. நான்கு விடையில் ஒன்றுக்கு 5, அடுத்ததற்கு 3, அடுத்ததற்கு 1, கடைசிக்குப் பூஜ்யம். மொத்தம் 40, தேர்ச்சிக்கு 24. எட்டுக் கேள்வியிலும் இரண்டாவது நல்ல விடையையே தேர்ந்தெடுத்தாலும் எட்டு மூன்று இருபத்து நாலு, தேர்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வியில் 1 வாங்கினால் 22க்கு இறங்கிவிடும். அதை ஈடுகட்ட வேறெங்காவது ஒரு 5 வேண்டும். பூஜ்யம் ஒன்று விழுந்தால் இரண்டு 5 இல்லாமல் மீள முடியாது. ஆக, பூஜ்ய விடையை முதலில் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் முதல் வேலை. மிகச் சிறந்த விடையைத் துரத்துவது அதற்குப் பிறகு.

வகுப்பில் போடும் பயிற்சிக் கேள்வி ஒன்றைச் சுருக்கித் தருகிறோம். இது நாங்களே எழுதியது, தேர்வில் வந்ததல்ல. ஐந்து மருத்துவமனைகள் உள்ள ஒரு குழுமம். ஒவ்வொன்றிலும் நோயாளிப் பதிவு தனித்தனி மென்பொருளில். எல்லாவற்றையும் ஒன்றாக்க நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துவிட்டது, வேலையைத் தொடங்கச் சொல்லும் ஆவணமான ரிக்வெஸ்ட் ஃபார் ஆர்க்கிடெக்சர் வொர்க்கும் கையெழுத்தாகிவிட்டது. நோயாளிகளின் விவரம் வெளியே கசியும் என்று டாக்டர்கள் அஞ்சுகிறார்கள். எந்த மருத்துவமனையின் முறை ஜெயிக்கும் என்று கணக்குப் பிரிவுகளுக்குள் இழுபறி. நீங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட். இவர்கள் கவலைகளுக்கு என்ன செய்வீர்கள்?

விடை ஒன்று: நான்கு நிறுவனங்களின் மென்பொருளை ஒப்பிட்டு, பாதுகாப்பு அதிகம் உள்ளதை வாங்கப் பரிந்துரைப்பது. விடை இரண்டு: ஸ்டேக்ஹோல்டர்களைப் பட்டியலிட்டு, யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று வரைபடம் போட்டு, வாராவாரம் தகவல் அனுப்பத் திட்டம் வகுப்பது. விடை மூன்று: நோயாளித் தரவின் முழு மாதிரியை வரைந்து எல்லோரிடமும் காட்டிக் கருத்துக் கேட்பது. விடை நான்கு: ஸ்டேக்ஹோல்டர் வரைபடம் போட்டு, ஒவ்வொரு தரப்பின் கவலையையும் எழுதி, எந்தக் கவலைக்கு எந்த வியூபாயின்ட் (பார்வைக் கோணம்) பதில் சொல்லும் என்று தீர்மானித்து, கவலைகளைத் தேவைகளாகப் பதிந்து, ஆர்க்கிடெக்சர் விஷனில் சேர்ப்பது.

இது ஏ கட்டம், ஆர்க்கிடெக்சர் விஷனை உருவாக்கும் கட்டம். ரிக்வெஸ்ட் கையெழுத்தான வரி அதைக் காட்டிக்கொடுக்கிறது. மென்பொருள் வாங்குவதெல்லாம் இன்னும் வெகு தூரத்தில், அதனால் முதல் விடை பூஜ்யம். மூன்றாவது, தரவையும் மென்பொருளையும் வடிவமைக்கும் சி கட்டத்து வேலையை முன்னால் இழுக்கிறது, ஆனாலும் ஆட்களிடம் கேட்கிறது: 1. இரண்டாவது சரியான கட்டத்தில் சரியான வேலையைத்தான் செய்கிறது, ஆனால் தகவல் அனுப்புவதோடு நின்றுவிடுகிறது. டாக்டரின் அச்சத்துக்கு அதில் பதில் இல்லை: 3. நான்காவதுக்கு 5. பலர் இரண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘அதுவும் சரிதானே’ என்பார்கள். சரிதான், அதனால்தான் மூன்று மதிப்பெண்.

இந்த முறையை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். நீங்கள் யார், எந்தக் கட்டம், யாருக்கு என்ன கவலை, இந்த மூன்றையும் சூழலில் குறியுங்கள். கட்டம் மாறிய விடையைத் தள்ளுங்கள். இரண்டு விடை மிஞ்சிய பிறகே பிடிஎஃப் பக்கம் போங்கள். அதுவும் எந்த அத்தியாயம் என்று தெரிந்து போங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தேடினால் எட்டாவது கேள்வியை வாசிக்கக்கூட நேரம் இருக்காது. தவறினால் மறுபடி எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், கட்டணமும் மறுபடி.

தேர்வில் வந்த கேள்விகளைக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: கொடுக்க மாட்டோம். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள். எங்கள் மாணவர் ஒருவரின் சான்றுக்கு ஆபத்து வரும் வேலையை நாங்கள் செய்வதற்கில்லை.

தேர்வு மையத்திலோ வீட்டிலிருந்தோ எழுதும்போது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். பதிவில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் பலருக்குக் கடைசிப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். வேறு சிலருக்கு அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். அலுவலக மின்னஞ்சலில் இருப்பதுபோல ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தைப் போட்டுப் பதிந்துவிட்டு, பாஸ்போர்ட்டில் ‘சண்முகம்’ என்று இருந்தால், தேர்வு நாளில் உள்ளே விடாமல் போகலாம். அன்றைக்கு யாராலும் திருத்தித் தர முடியாது. நேரம் குறிப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

கருவி பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆர்க்கிமேட் (ஒரு நிறுவனத்தின் அமைப்பைப் படமாக வரையும் குறியீட்டு மொழி) வகுப்பில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குப் பதில் இனி ‘ஆர்க்கி’யைப் பயன்படுத்துகிறோம். அது இலவசம் என்பதால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். வகுப்பு முடிந்த பிறகும் உங்கள் கணினியில் அது இருக்கும். கோப்பை ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் வடிவத்தில் வெளியே எடுத்து அலுவலகத்தின் வேறு கருவிக்கும் கொண்டுபோகலாம். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: படத்திலிருந்து ஒரு பெட்டியை அழித்தால் அது மாடலிலிருந்தே போய்விட்டது என்று நினைப்பது. போகாது. இடப்பக்க மரத்தில் சாய்ந்த எழுத்தில் அது அப்படியே நிற்கும். எந்தப் படத்திலும் இல்லாதவற்றை ஆர்க்கி அப்படித்தான் காட்டும். இது தெரியாமல் அதே பெயரில் மறுபடி ஒன்று வரைந்து, மறுநாள் இன்னொன்று வரைந்து, கடைசியில் ‘பில்லிங்’ என்று மூன்று அப்ளிகேஷன் காம்பொனென்ட் (மென்பொருளைக் குறிக்கும் பெட்டி). அறிக்கை எடுக்கும்போது கணக்கு உதைக்கும். மரத்தில் இருப்பதை இழுத்துப் படத்தில் போடப் பழகுங்கள்.

அம்புக்குறியிலும் கவனம் வேண்டும். சர்விங் (சேவை தரும்) உறவில் அம்பின் முனை சேவை பெறுபவர் பக்கம் இருக்க வேண்டும். காம்பொனென்ட் ஃபங்ஷனுக்கு (அது செய்யும் வேலைக்கு) அசைன் ஆகும், ஃபங்ஷன் சர்வீஸை (வெளியே தரும் சேவையை) ரியலைஸ் செய்யும், சர்வீஸ் பிசினஸ் பிராசஸுக்கு (அலுவலக நடைமுறைக்கு) சர்வ் செய்யும். இந்தச் சங்கிலி கைக்கு வந்துவிட்டால் பாதி ஆர்க்கிமேட் வந்த மாதிரி. எதற்கெடுத்தாலும் வெறும் தொடர்பை மட்டும் காட்டும் அசோசியேஷன் கோடு இழுத்துவிட்டால் படம் அழகாக இருக்கும், ஆனால் ஒன்றும் சொல்லாது.

முன்பே டோகாஃப் 9 சான்று வாங்கியவர்கள் பலர் பதற்றத்துடன் அழைக்கிறீர்கள். அந்தச் சான்று காலாவதியாவதில்லை. உங்கள் நிறுவனமோ டெண்டரோ புதியதைக் கேட்டால் மட்டும் செலவு செய்யுங்கள். அப்போதும், டோகாஃப் 9 ‘சர்ட்டிஃபைடு’ (இரண்டாம் நிலை) சான்று உள்ளவர்களுக்கு முழு வகுப்பு வேண்டாம், பழைய சான்றிலிருந்து புதியதற்கு மாறும் பிரிட்ஜ் தேர்வு இருக்கிறது. எங்களுக்கு வருமானம் குறைந்தாலும் இதைத்தான் சொல்வோம்.

சென்ற பேட்சில் படித்த எல்லோருக்கும், தேர்ச்சி பெற்றவரோ தவறியவரோ, புதிய 24 கோட்டில் இரண்டு மாதிரித் தேர்வும் இரண்டாம் பகுதிக்கான மூன்று மணி நேரப் பயிற்சியும் இலவசமாகத் தருகிறோம். பயிற்றுநர் ஒருவர் விலகியதால் புதன் மாலை வகுப்பு இப்போதைக்கு இல்லை, சனி ஞாயிறு மட்டும்.

ஓஎம்ஆர் சாலைப் போக்குவரத்தில் சிக்கிக்கொண்டும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள். அந்தச் செய்தி பரவியபோது, நாங்கள் கேட்காமலேயே உங்கள் மதிப்பெண் பட்டியலைப் போட்டு எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறீர்கள். தம்பியையும் அலுவலக நண்பரையும் கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டவர்கள் இருக்கிறீர்கள். இந்த நிலையம் உங்களால்தான் நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

இலவசப் பயிற்சிக்கு வருபவர்கள் வவுச்சரின் கடைசி நாளையும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். முதல் அரை மணி நேரம் அந்த இரண்டையும் ஒவ்வொருவருக்கும் சரிபார்த்துவிட்டுத்தான் பாடத்துக்குப் போவோம்.

நன்றியுடன்,
பயிற்சி நிலையத்தார்