கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் கண்நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை கண்புரை, கண் நீர் அழுத்தம், விழித்திரைத் தேய்வு எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னது. பார்வை மங்கியவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

என் அம்மாவுக்கு 81 வயது. விழித்திரைத் தேய்வில் நடுப்பார்வை போய்விட்டது. ஒருநாள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். தரை முழுக்கச் சிக்குக் கோலமாகத் தெரிகிறதாம், மிதிக்க மனம் வரவில்லையாம். சாயங்காலத்தில் தாழ்வாரத்தில் பச்சைப் பாவாடை கட்டிய சிறுமிகள் சத்தமில்லாமல் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார். பயந்துபோன உறவினர்கள் மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். அதன்பிறகு அம்மா வாயே திறக்கவில்லை. கண் மருத்துவமனைக்கு மூன்று முறை போனோம். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

நான்காம் முறை பார்த்த இளம் மருத்துவர்தான் கேட்டார்: "பாட்டி, இல்லாத ஆளு, பூ, கோலம் எதாவது கண்ணுக்குத் தெரியுதா? நிறைய பேருக்குத் தெரியும்." அம்மா அழுதுவிட்டார். "அப்ப எனக்குப் புத்தி கெடலையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இதற்கு சார்லஸ் போனெட் சிண்ட்ரோம் என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் போனெட், கண்புரையால் பார்வை குறைந்திருந்த தம் தாத்தா சார்லஸ் லுல்லன் கண்ட காட்சிகளை 1760-இல் எழுதி வைத்தார். ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் அந்த முதியவருக்குத் தெரிந்தன. அவர் அறிவு தெளிவாகவே இருந்தது. கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைகிறது. கை இழந்தவருக்கு இல்லாத கை வலிப்பதுபோலத்தான் இதுவும்.

உருவங்கள் பேசுவதில்லை, அவை நிஜமல்ல என்று பார்ப்பவருக்கே தெரியும். குரல் கேட்டாலோ, நிஜம் என்றே நம்பினாலோ, குழப்பம் இருந்தாலோ வேறு காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அம்மாவுக்குச் சொன்னது எளிய வழி: விளக்கைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, பார்வையை இடமும் வலமும் மாற்றுவது. சிறுமிகள் இப்போதும் வருகிறார்கள். அம்மா விளக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

அடுத்த இதழில் அந்த மருத்துவர் கேட்ட கேள்வியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பார்வை மங்கிய பெரியவர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் இன்றே அதைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகி