2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நவராத்திரி கொலு, பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நாம் புதிதாகச் செய்தது பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி. பழக்கமில்லாத இடத்தில் பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதே பொருள். "தமிழ் மன்றத்துக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஊரை விட்டு மும்பையின் செம்பூருக்கு வந்து காலூன்றிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய பொருள் கிடையாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஜூன் மழையில் வாசல் மரத்திலிருந்து விழுந்த பழைய காக்கைக் கூடுதான் தொடக்கம். வெளிச்சுற்று முழுக்க மின்கம்பித் துண்டுகளும் ஹேங்கர் கம்பியும். குஞ்சு படுக்கும் நடுக்குழியில் மட்டும் தேங்காய் நார். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் கம்பியில் கூடு கட்டினார்கள். அந்த இறுக்கம் ஒருவருக்கும் வரவில்லை.

அப்புறம் பிப்ரவரியில் சிவ்ரியின் கடலோரச் சேற்றுப் பரப்புக்குப் போனோம். கடல்நீர் வடிந்ததும் பூநாரைகள் அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் விட்டுப் பாசியை வடிகட்டித் தின்கின்றன. அந்தப் பாசியால்தான் சாம்பல் நிறக் குஞ்சு வளர வளர இளஞ்சிவப்பாகிறது. தண்ணீர் ஏறினால் அவற்றுக்கு நிற்க இடம் வேண்டும். நவி மும்பைக் குளங்கள் அதற்குத்தான் உதவுகின்றன. தாணே கழிமுகம் 2022-ல் ராம்சர் என்னும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் 2024 மே மாதம் காட்கோபரில் விமானம் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்தன. ஒரு மாணவி அதையும் வரைந்தாள். அந்தப் படத்தின் முன்னால்தான் எல்லோரும் நின்றார்கள்.

எல்லோரும் என்றால் வந்த சிலர். பல பெற்றோர் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். சந்தாவும் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பொங்கல் விருந்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் சந்தாவையும் கட்ட வேண்டும்.

வரவு செலவு ஏறக்குறையச் சரியாக வந்துவிட்டது. படச் சட்டங்களுக்கான பணம் பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அவருக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், சமையல் பொறுப்பேற்ற மாமிகளுக்கும் நன்றி.

ஓவியங்கள் இப்போது என் வீட்டு வராந்தாவில் இருக்கின்றன. மழைக்கு முன் அவற்றுக்கு நல்ல இடம் வேண்டும். காலி அறை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வரும் ஆண்டும் நானே தொடர வேண்டுமென்றால் இரண்டு இளைஞர்களாவது குழுவுக்கு வர வேண்டும். சந்தா பாக்கியை இன்றே, கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டலாம்.

பணிவுடன்,
செயலாளர்