மதினி பேரை முதல்ல சரி பண்ணு

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

மூணு கடுதாசிக்குப் பதில் போடல, தப்புதான். நேர்ல வந்து ஏசு. இங்க எல்லாரும் சுகம்.

ரிட்டயர் ஆகும்போது கம்யூட்டேஷன், அதான் பென்ஷன்ல ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமா வாங்குறது, எடுக்கணுமான்னு கேட்டிருந்தே. உன் கடைசி அடிப்படைச் சம்பளம் 72,000, முழுப் பென்ஷன் 36,000. அதுல மூணுல ஒரு பங்கு 12,000. அதை 12-ஆல பெருக்கி, அடுத்த பிறந்தநாளுக்கு 61 ஆகுறவனுக்கு அரசாங்க அட்டவணையில உள்ள 8.194-ஆல பெருக்கினா 11,79,936 ரூபா, வரியில்லாம. பதிலுக்கு 15 வருஷம் மாசம் 12,000 குறையும், மொத்தம் 21,60,000. இதைச் சொல்லித்தான் நம்ம தங்கையன் எடுக்காதேன்னு உன்னை மிரட்டுறான். பள்ளிக்கூடத்துலயே கூட்டல் வரைதானே அவனுக்கு வரும்! வட்டியாப் பார்த்தா ஒன்பது சதவீதத்தை ஒட்டித்தான் வருது. பஞ்சப்படி முழு 36,000-க்கும் உண்டு. நடுவுல உனக்கு ஒண்ணு ஆனா மிச்சத்தை வீட்டுல கேக்க மாட்டாங்க. வீட்டுக்கடன் அதைவிடக் கூடின வட்டியில கிடந்தா எடுத்து அடை. எஃப்.டி. போடத்தான்னா எடுக்காதே.

நீ கேக்காத ஒண்ணுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. மதினி பேர் உன் எஸ்.ஆர்.ல (பணிப்பதிவேட்டுல) தங்கம், ஆதார்ல தங்கபாய், பாங்க் பாஸ்புக்ல எஸ். தங்கபாய். நீ இருக்க வரை ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. நீ போன பிறகுதான் குடும்பப் பென்ஷன் 21,600-ம் பஞ்சப்படியும் அந்த ஒரு பேர்ல சிக்கிக் கிடக்கும். பி.பி.ஓ.ல, அதான் பென்ஷன் உத்தரவுல, ஒரு பேரு, பாங்க்ல வேற பேரு. கண்ணீரும் கம்பலையுமா மதினி தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறணும். பென்ஷன் ஃபைல் ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) ஆபீசுக்குப் போகும் முன்னால உங்க ஆபீஸ்லயே மனு கொடுத்து எஸ்.ஆர்.ல ஆதார் பேரை ஏத்து. நீயும் மதினியும் சேர்ந்து எடுத்துக் கொடுக்குற கூட்டுப் போட்டோவுக்குப் பின்னாலயும் அதே எழுத்துதான் வரணும். ஃபைல் போன பிறகுன்னா ஏ.ஜி. வரை திருத்தம் கேட்டு அலையணும், மாசக்கணக்குல இழுக்கும்.

அதைவிட முக்கியம் உன் மூத்த மக. பிள்ளைகளுக்குக் குடும்பப் பென்ஷன் 25 வயசோட நிக்கும். சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அப்படியில்ல, ஆயுசு முழுக்க உண்டு. ஆனா குடும்ப விவரப் படிவத்துல நீ அவ பேரை "மணமாகாதவர்"னு மட்டும் எழுதிட்டு, குறைபாட்டைப் பத்தி ஒரு வார்த்தை போடாம விட்டிருக்கே. வெக்கப்பட என்ன இருக்குலே? ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரியில மருத்துவச் சான்று வாங்கி அந்தப் படிவத்தோட இப்பவே சேத்துக் கொடு. நீ கையெழுத்துப் போட்ட தாள்ல இருந்தா நாளைக்கு யாரும் "இது எப்ப வந்த குறை"ன்னு கேக்க முடியாது.

இன்னொண்ணு, 18 தாண்டிட்டா பெத்தவங்க தன்னால சட்டப்படி காப்பாளர் ஆக மாட்டாங்க. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில உள்ள உள்ளூர் அளவிலான குழுதான் காப்பாளரை நியமிக்கும். நீயும் மதினியும் நடமாட்டமா இருக்கப்பவே அந்த மனுவைக் கொடுங்க. உங்களுக்குப் பிறகு யாருங்கிறதை இளையவன்கிட்ட மூடி மறைக்காம பேசு. அவன் பெண்டாட்டியும் கூட இருக்கட்டும்.

பென்ஷன்காரங்க இறந்தா வீட்டுக்கு வர்ற குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000-க்கும் நாமினேஷன் தனியா உண்டு, மறந்துராதே.

வெள்ளிக்கிழமை எஸ்.ஆர். நகல், மூணு பேர் ஆதார், மூத்தவளோட பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா. மனுவை நானே எழுதித் தாறேன். மதினியையும் கூட்டிட்டு வா, அவங்க கையெழுத்தும் வேணும்.

உன்,
செல்வம்